பதினேழாம் படுக்கையின் குரல்

பேசாத ஆளைப் பேச வைக்கும் எந்திரம் கோயம்புத்தூருக்கு வந்தபோது அதிகம் சந்தோஷப்பட்டவர்கள் டாக்டர்கள் இல்லை, பெண்டாட்டிகள். கண் திறக்காமல், கை கால் அசையாமல், குழாய் வழியாகச் சாப்பிட்டுக்கொண்டு கிடக்கிற மனுஷன் தலையில் ஒரு தொப்பியை மாட்டினால், அவன் சொல்ல நினைப்பதை எந்திரம் படித்து அவனுடைய பழைய குரலிலேயே சொல்லிவிடும். குரலுக்கு வீட்டார் கொடுத்த வாட்சப் ஆடியோவும் கல்யாண வீடியோவும் போதும். நீளமாக ஒன்றும் வராது. நாலைந்து வார்த்தைதான். அந்த நாலைந்து வார்த்தைக்காக எங்கெங்கிருந்தோ ஜனம் வந்து வரிசையில் நின்றது.

வரிசை நீளம், படுக்கைகள் கொஞ்சம். அதனால் ஆஸ்பத்திரி ஒரு விதி வைத்திருந்தது. ஒரு படுக்கையின் லைன் முழுசாக ஒரு வருஷம் பேசாமல் கிடந்தால் உள்ளே ஆள் இல்லை என்று கணக்கு. டாக்டர்கள் கூடுவார்கள், வீட்டாரிடம் பேசுவார்கள், மூச்சு எந்திரத்தை நிறுத்துவார்கள், படுக்கை அடுத்தவருக்குப் போகும். கொடுமையான விதிதான். ஆனால் வரிசையில் நிற்கிறவர்களைக் கேட்டால் அது நியாயம் என்பார்கள்.

ரேணுகாதேவியின் புருஷன் ஜெகதீசன் பதினேழாம் படுக்கை. மழை நாளில் மேம்பாலத்தில் பைக் சறுக்கி விழுந்தவன். முதல் எட்டு மாதம் அவன் லைனில் ஒரு முனகல்கூட இல்லை. ரேணுகா அப்போதுதான் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, இந்த எந்திரத்தின் சர்வர் மென்பொருளை எழுதுகிற கம்பெனியில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தாள். அவன் மூச்சுக்குப் பக்கத்தில் இருக்கிற மாதிரி ஒரு ஆறுதல், வேறென்ன? மருதமலைக்கு நடந்தே ஏறுவதாக வேண்டிக்கொண்டாள். ஏறவும் ஏறினாள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் ஜெகதீசன் குரல் கேட்டது: "வந்துட்டியா புள்ள?"

அன்றைக்கு அவள் அழுத அழுகையில் நர்ஸ் ஓடிவந்துவிட்டாள்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் பேச்சுதான். லைனைத் திறப்பது வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம். படுக்கை உள்ளே கண்ணாடிக்கு அப்பால் இருக்கும். வெளியே ஆளுக்கொரு சின்ன அறை, நடுவில் பிளைவுட் தடுப்பு. மைக்கில் பேசினால் நேராக உள்ளே அவர் காதில் கேட்கும். அவர் பதில் சொன்னால் சர்வர் வழியாக நம் ஹெட்போனில் கேட்கும்.

"ஏனுங்க, நல்லாயிருக்கீங்களா?"

"இருக்கறேன் புள்ள."

"நம்ம அபார்ட்மெண்ட்ல மோட்டார் ரிப்பேருங்க. ஒரு வாரமா லாரித் தண்ணிதான்."

"மழெ பேஞ்சுதா?"

"நேத்து சாயங்காலம் நல்ல மழைங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "அழுவாத" என்றது குரல்.

அவள் அழவே இல்லை. அவன் சொன்ன பிறகுதான் அழுதாள்.

பேச்சு சில நேரம் முன்னுக்குப் பின் ஏறுமாறாக இருக்கும். அடிபட்ட மூளை அப்படித்தான், கேள்வி ஒன்று பதில் ஒன்றாக வரும், நீங்கள் விட்டுப் பிடியுங்கள் என்று கவுன்சிலர் சொல்லியிருந்தார். ஒரு தடவை, "எருமெ கன்னு போட்டுச்சா?" என்று கேட்டான். காங்கேயம் பக்கம் மாடு கன்றுகளுக்கு நடுவில் வளர்ந்தவன், மனசு சின்ன வயசுக்குப் போய்விட்டது போல என்று நினைத்துக்கொண்டு, "போட்டுச்சுங்க, கெடேரிக் கன்னு" என்று சந்தோஷமாகப் பொய் சொன்னாள். கணவன் மனைவி பேச்சில் பாதி, எங்கே போட்டாலும் பொருந்துகிற பேச்சு. பொருந்தாத மீதியைப் பிரியம் இழுத்துப் பொருத்திவிடும்.

மழையைக் கேட்ட அந்த ஞாயிறு, மணி முடிந்து வெளியே வந்தபோது பக்கத்து அறை மாராத்தாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அறுபது வயதிருக்கும். சென்னிமலைப் பக்கத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வருகிறவள். பதினெட்டாம் படுக்கை சென்னியப்பனின் மனைவி. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் போனுக்கு வருகிற மெசேஜ் எல்லாம் இங்கிலீஷில் இருப்பதால் ரேணுகாதான் படித்துச் சொல்வாள். அப்படி ஏற்பட்ட பழக்கம்.

"உங்கூட்டுக்காரரு இன்னைக்கு பேசுனாருங்களா அம்மிணி?" என்று கேட்டாள் மாராத்தாள்.

"பேசினாருங்க. மழை பேஞ்சுதான்னு கேட்டாரு."

"நல்லா இருக்கட்டுமுங்க." மாராத்தாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நம்முளுது முடிஞ்சுபோச்சுங்க. வர்ற ஞாயித்துக்கெழமெயோட ஒரு வருசமாவுதாமா. அன்னைக்கு வந்து ஒருக்கா பாத்துக்கங்க, மக்யா நாளு நிறுத்திருவோம்னு சொல்லிப்போட்டாங்க. நானும் செரீன்னு சொல்லிட்டனுங்க."

தன் அதிர்ஷ்டம் ரேணுகாவுக்கே கூச்சமாக இருந்தது.

"முந்தியெல்லாம் வாய் ஓயாம பேசுவாருங்க அம்மிணி. அதான் மனசு கேக்க மாட்டேங்குது. போன வருசம் ஒரு ஞாயித்துக்கெழமெ திடுதிப்புனு நின்னுபோச்சு. நானும் இன்னைக்குப் பேசுவாரு, நாளைக்குப் பேசுவாருன்னு வந்து வந்து தனியாவே பேசிட்டுப் போறனுங்க."

பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது ரேணுகாவுக்கு மனசே சரியில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மூலை, நம் ஆள் பேசுகிறான், நம் ஆள் பேசுகிறான் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அதைக் குற்றம் சொல்வதற்கில்லை.

செவ்வாய்க்கிழமை ஆபீசில் பெனடிக்ட் அவள் மேஜைக்கு வந்தார். அவர்தான் அவள் வேலை பார்க்கிற குழுவுக்குப் பொறுப்பு. நல்ல மனுஷன், சண்டை என்றால் பத்தடி தள்ளி நிற்பார்.

"ரேணுகா, ஆஸ்பத்திரில இருந்து மறுபடியும் கம்ப்ளெய்ண்டுங்க. ஞாயித்துக்கிழமை லைன் திறக்கறப்ப ரெண்டு மூணு பேருக்கு கனெக்டே ஆகறதில்லையாம். அடுத்த வாரம் சரியா இருக்காம். ஒவ்வொரு வாரமும் வேற வேற ஆளுக்கு. ஷெட்யூலர்லதான் ஏதோ கோளாறு. மல்டி த்ரெட்டுக்கு சேஃப்பா மாத்தணும். நீங்க பாத்துடறீங்களா?"

ஷெட்யூலர் என்றால் பெரிய வித்தை எல்லாம் இல்லை. சர்வருக்கு வருகிற வேலைகளை வரிசையில் நிறுத்தி, யாருக்கு எது என்று பிரித்து விடுகிற மேஸ்திரி அது. இதை எழுதியவர் ஒரே வேலையாளை மனதில் வைத்து எழுதியிருந்தார். ஒரே ஆள், ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் செய்வான், குழப்பமில்லை. படுக்கைகள் கூடக் கூட ஞாயிறு காலையில் லைன் திறக்கவே வெகுநேரம் ஆயிற்று. உறவுக்காரர்கள் சத்தம் போட்டார்கள். அப்போது இங்கே வேலை பார்த்த யாரோ, வேலையாள் எண்ணிக்கை ஒன்று என்றிருந்த இடத்தில் எட்டு என்று மாற்றிவிட்டுப் போய்விட்டார். எட்டு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலையாள். லைன்கள் சட்டென்று திறந்தன. எல்லாரும் கை தட்டினார்கள்.

டெஸ்ட் பண்ணாமல் இல்லை, பண்ணினார்கள். ஆபீசில் டெஸ்டுக்கென்று இருந்தது ஒரே ஒரு தொப்பி. ஒருவர் மாட்டிக்கொண்டு பேசிப் பார்த்துவிட்டுக் கழற்றி அடுத்தவரிடம் கொடுப்பார். அவர் மாட்டிக்கொண்டு பேசுவார். ஒரே நொடியில் ரெண்டு பேர் பேசினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் ரெண்டாவது தொப்பிக்கு எங்கே போவது?

ரேணுகா தொப்பியைத் தேடவில்லை. மென்பொருளிலேயே ரெண்டு பொய்ப் படுக்கைகளைச் செய்து, ரெண்டையும் ஒரே நொடியில் வணக்கம் சொல்ல வைத்தாள். ரெண்டாவது படுக்கை சொன்ன வணக்கம் முதல் படுக்கையின் பேரில் வந்தது. மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும் அப்படியே. எத்தனை தடவை ஓடவிட்டாலும் அப்படியே.

அவள் பெனடிக்ட்டைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார் அவர்.

"ஒரு பார்சல் கடைன்னு வெச்சுக்கங்க. கட்டறவங்க எட்டு பேரு. ஆனா எந்த டேபிளுக்குன்னு எழுதற சிலேட்டு ஒண்ணுதான். ஒருத்தர் சிலேட்டுல நம்பர் எழுதி வெச்சுட்டு பார்சல் எடுக்கத் திரும்பறாரு. அதுக்குள்ள இன்னொருத்தர் வந்து அதை அழிச்சுட்டு தன்னோட நம்பரை எழுதிடறாரு. முதல் ஆள் திரும்பி வந்து சிலேட்டுல என்ன இருக்கோ அதைப் பாத்து அனுப்பிடறாரு. ஒரே ஆள் இருந்தவரைக்கும் இந்தப் பிரச்சனையே இல்லை."

"அப்ப ரெண்டாவது ஆளோட பார்சல்?"

"அதுவும் அதே டேபிளுக்குத்தான் போகுது. ஏற்கெனவே வந்துடுச்சுன்னு சொல்லி அதைக் குப்பைல போட்டுடும். சத்தமே இல்லாம. லைன் திறக்கற நொடில யாரு முதல்ல பிடிக்கிறாங்களோ அந்த மணி முடியற வரைக்கும் அவங்களுக்குத்தான் அந்த லைன்."

"தற்செயலா நடக்கறதுதானே? அதான் வாரா வாரம் வேற ஆளு."

"ஆமாங்க. தொப்பியை சர்வரோட இணைக்கற பெட்டி இப்பல்லாம் புதுசு, படுக்கைக்கு ஒண்ணு தனித்தனியா இருக்கு. முட்டிக்கறது எப்பவாச்சும்தான்." ரேணுகா திரையில் பெட்டிகளின் பட்டியலைத் திறந்தாள். "ரெண்டு படுக்கைக்கு ஒரே பெட்டின்னு பழைய ஏற்பாடு எங்கயாச்சும் மிச்சம் இருந்தா மட்டும்தான் வாரா வாரம் தவறாம, ஒரே மாதிரி முட்டிக்கும். அங்க ரெண்டும் ஒரே நொடில..."

பழைய பெட்டி ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அதில் இருந்த படுக்கைகள் பதினேழு, பதினெட்டு.

பெனடிக்ட் திரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். பதினேழு யாருடைய படுக்கை என்று ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஒன்று எட்டாக மாறிய வாரமும், அவள் மருதமலை ஏறிவிட்டு வந்து கேட்ட "வந்துட்டியா புள்ள"யும் ஒரே வாரம். சென்னியப்பன் வாய் அடைத்துப்போனதும் அதே வாரம். அவள் மனசுக்குள் எல்லாம் தன்பாட்டுக்கு அடுக்கிக்கொண்டு போயிற்று. லைன் எண்ணைப் பார்த்துத்தான் எந்திரம் குரலைப் பொருத்தும். அதனால் அந்த மனுஷனின் வார்த்தை ஜெகதீசனின் குரலை உடுத்திக்கொண்டு வந்திருக்கிறது. அந்தப் பக்கத்து ஆண்கள் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். புள்ள என்று விட்டால் ஆயிற்று. ஜெகதீசன் படித்தவன்தான், ஆனாலும் அப்பாவைப் பார்த்து அதே பழக்கம். அந்தப் பெரியவர் இந்த ஒரு வருஷத்தில் ஒரே ஒரு தடவை 'மாராத்தா' என்று கூப்பிட்டிருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். அவர் கூப்பிடவில்லை. நாற்பது வருஷமாகக் கூப்பிடாதவர் இப்போதா கூப்பிடப் போகிறார்?

அவள் எழுந்து மாடிப்படிப் பக்கம் போய் மாராத்தாளுக்குப் போன் போட்டாள். வெயில் நேரம். பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

"ஏனுங்கம்மா, ஒண்ணு கேக்கணும். உங்க வீட்ல எருமை இருந்துச்சுங்களா?"

"இருக்குதுங்க அம்மிணி. ஏனுங்க, பால் வேணுமுங்களா?"

"அது கன்னு போட்டுச்சா?"

மாராத்தாள் தறிச் சத்தத்திலிருந்து தள்ளி வந்து பேசினாள்.

"போன வருசம் போட்டுச்சுங்க. கெடாக் கன்னு. தங்கல, ரெண்டு நாள்ல போயிருச்சு. அதை ஏன் கேக்கறீங்க? சென இருக்குதுன்னு அவருகிட்ட சொல்லியிருந்தனுங்க. எப்பப் போடும், எப்பப் போடும்னு கேட்டுட்டே கெடந்தாரு. கன்னு போடறதுக்குள்ள அவரு பேச்சு நின்னுபோச்சு. செத்துப்போச்சுன்னு நான் இன்னைக்கு வரைக்கும் அவருகிட்ட சொல்லலீங்க. காதுல உளுந்தா மனசொடஞ்சு போயிருவாரு." குரல் தாழ்ந்தது. "உசுரே இல்லாத ஆளுக்கு என்ன மனசு ஒடையறதுன்னு எம் பையன் கத்தறான். எனக்குத்தான் கேக்குமோ என்னமோன்னு இருக்குதுங்க."

"கேக்குமுங்கம்மா" என்றாள் ரேணுகா. போனை வைத்தாள்.

திரும்பி வந்தபோது பெனடிக்ட் அதே நாற்காலியில் இருந்தார். அவர் இதற்குள் யோசித்து வைத்திருந்தார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ரேணுகா, நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க. லாக் போடறது உங்களுக்கு அரை நாள் வேலை. சிலேட்டைப் பூட்டி வெச்சு, ஒருத்தர் எழுதி அனுப்பி முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் தொட முடியாதபடி பண்ணணும். அவ்வளவுதான். ஆனா அதை இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள போட்டா பதினேழு சைலண்ட் ஆயிடும்."

"தெரியுது."

"சும்மா சைலண்ட் இல்லைங்க. இதுவரைக்கும் வந்ததெல்லாம் அவர் பேச்சு இல்லைன்னு ஆயிடும். வந்த நாள்ல இருந்து ஒரு வார்த்தைகூடப் பேசாத படுக்கைன்னு ஆயிடும். ஒரு வருஷம் எப்பவோ தாண்டிடுச்சு. டாக்டருங்க அடுத்த கூட்டத்துலயே..."

"அதுவும் தெரியுதுங்க பெனடிக்ட்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "டெஸ்டிங் இன்னும் முடியலை, ரெண்டு வாரம் வேணும்னு நான் எழுதிடறேன். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. உண்மையிலேயே இந்த மாதிரி வேலைக்கு ரெண்டு வாரம் ஆகும். நீங்க ஒண்ணும் பண்ணவே வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

"சும்மா இருந்தா அந்தப் பெரியவரை நிறுத்திடுவாங்க."

"ஆமா."

"அவர் போயிட்டா, என் லைன்ல பேசறது யாரு?"

பெனடிக்ட் இதை யோசித்திருக்கவில்லை.

"யாரும் பேச மாட்டாங்க. அப்பவும் பதினேழு சைலண்ட்தான்" என்றாள் அவள். "ஆனா நேத்து வரைக்கும் பேசின படுக்கை இல்லையா, அதனால புதுசா ஒரு வருஷம் கிடைக்கும். அவரு மூச்சு ஒரு வருஷம் கூட ஓடும். நான் ஞாயிறு ஞாயிறு போய் உக்காந்துக்கலாம், அந்தம்மா உக்காந்த மாதிரி. அந்த ஒரு வருஷ மூச்சுக்கு விலை, உள்ளுக்குள்ள உசுரோட பேசிட்டிருக்கற இன்னொரு ஆளு. அதைத்தான் நீங்க சும்மா இருங்கன்னு சொல்றீங்க."

"நான் உங்களுக்காகத்தான்..."

"தெரியுமுங்க. நீங்க சொல்றதுக்கு முன்னாடியே நான் அதைத்தான் யோசிச்சேன். மாடிப்படியில நின்னுட்டு அதையேதான் யோசிச்சேன்." அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். ஆபீசில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரைப் பற்றியும் கவலைப்படவில்லை. "அந்தாளு அழுவாதன்னு சொன்னது அந்தம்மாகிட்டங்க. அந்தம்மா பக்கத்து ரூம்ல அழுதுட்டு இருந்திருக்காங்க. நான் அதை வாங்கி எடுத்துக்கிட்டேன். ஒரு வருஷமா எடுத்துக்கிட்டிருக்கேன்."

பெனடிக்ட் அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். பிறகு, "ரெண்டாவது பார்சல் குப்பைல போகுதுன்னு சொன்னீங்களே, உங்க வீட்டுக்காரரோட சொந்தப் பேச்சு... அதுல ஏதாவது?" என்று இழுத்தார்.

"அந்த ஆசையெல்லாம் எனக்குக் காட்டாதீங்க" என்றாள் ரேணுகா. "இந்தக் கோளாறு வர்றதுக்கு முந்தி எட்டு மாசம் நான் உக்காந்து பாத்திருக்கேன். ஒரு முனகல் இல்லை. அந்த ஆசையில லாக்கைப் போட்டுட்டு, நாளைக்கு அவரு பேசலைன்னா நான் தாங்க மாட்டேன்."

அவள் லாக்கைப் போட்டாள். சின்ன வேலைதான். எழுதுகிற இடத்துக்கு முன்னால் ஒரு பூட்டு, அனுப்பி முடித்த இடத்தில் ஒரு திறப்பு. நடுவில் ஏதாவது கோளாறு ஆனாலும் பூட்டு திறந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு காலம் முழுக்க நிற்பார்கள். அதையும் பார்த்துச் செய்தாள். ஆயிரம் பொய்ப் படுக்கைகளை ஒரே நொடியில் பேச வைத்து ஓடவிட்டாள். ஒருவர் வார்த்தை ஒருவருக்கு மாறவில்லை. அவள் எழுதியதிலேயே சுத்தமான வேலை அதுதான் என்று பெனடிக்ட் பிறகு சொன்னார். ஆஸ்பத்திரிக்கு நடந்ததை அவரே எழுதி அனுப்பினார். சண்டைக்கு அஞ்சுகிற மனுஷன் செய்த பெரிய காரியம் அது. ஞாயிறு லைன் திறந்ததும் டாக்டரும் வந்து நின்று கேட்பார் என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரேணுகா ஜெகதீசனுக்குப் பிடித்த மாம்பழ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். அவன் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் கட்டிக்கொண்டாள். மாராத்தாள் ஏற்கெனவே வந்திருந்தாள். கூட வந்த மகன் வெளியே போனில் யாரிடமோ காரியத்துக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தான்.

லைன் திறந்தது. ரேணுகா ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்குக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"ஏனுங்க."

ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் இந்த நேரத்துக்குள் ஒரு வார்த்தையாவது வந்திருக்கும்.

"ஏனுங்க, நான்தான்."

ஒன்றும் இல்லை. அவள் எதிர்பார்த்தது இதைத்தான். கண்ணாடிக்கு அப்பால் மூச்சு எந்திரத்தின் பச்சை விளக்கு மட்டும் ஏறி இறங்கியது.

பிளைவுட் தடுப்பு படாரென்று அதிர்ந்தது. மாராத்தாள் அலறினாள். என்ன சொன்னாள் என்றே புரியவில்லை. அடுத்த நொடி அவள் இந்த அறைக்குள்ளேயே வந்து ரேணுகாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பேசறாருங்க அம்மிணி! எங்கூட்டுக்காரரு பேசறாருங்க! வந்து கேளுங்க, வாங்க, எனக்கு இது பொய்யோ நெசமோ தெரீல, நீங்க வந்து கேளுங்க!"

ரேணுகாவை இழுத்துக்கொண்டு போய்த் தன் ஹெட்போனை அவள் காதில் வைத்தாள். டாக்டர் அங்கே நின்றிருந்தார். மகன் வாசலில் போனைக் காதில் வைத்தபடியே சிலையாக நின்றான். ஹெட்போனில் ஒரு கரகரத்த குரல், பீடி குடித்துத் தேய்ந்த கிழவர் குரல்.

"அழுவாத புள்ள."

ரேணுகா ஒரு வருஷமாகக் கேட்ட அதே வார்த்தை, அதே இழுப்பு. குரல்தான் வேறு. அந்தக் கிழவர் யாருக்குச் சொன்னாரோ அவளுக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் ஹெட்போனைக் கழற்றி மாராத்தாளின் காதில் சரியாக வைத்து, முடியை ஒதுக்கிவிட்டாள்.

"அவருதானுங்க. பேசுங்க" என்றாள்.

"எருமெயக் கேட்டா என்னங்க சொல்லறது?"

"உள்ளதைச் சொல்லுங்கம்மா. அவரு தாங்குவாரு."

மாராத்தாள் அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. டாக்டர் ரேணுகாவைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியும்.

ரேணுகா தன் அறைக்குத் திரும்பினாள். மணி இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் சிரிப்பும் அழுகையுமாக மாராத்தாள் பேசிக்கொண்டே இருந்தாள். ஒரு வருஷப் பேச்சு ஒரே மூச்சில் வந்துகொண்டிருந்தது. சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் ரேணுகா உட்கார்ந்தாள். உள்ளே ஆள் இல்லாவிட்டாலும் சொல்லாமல் போவது முறை இல்லை என்று தோன்றியது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள்.

"ஏனுங்க, என்னை மன்னிச்சுக்கங்க. இத்தனை நாளு நீங்கன்னு நெனச்சுத்தான் பேசிட்டிருந்தேன். உங்களுக்கு நான் எதுவும் பண்ண முடியலை. இருக்கற ஒரு வருஷத்தையும் நானே..."

மைக்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். ஹெட்போனில் முதலில் ஒரு கரகரப்பு வந்தது. அது பக்கத்து லைன் என்று நினைத்தாள். பக்கத்து லைன் இனி வராது என்று அடுத்த நொடி உறைத்தது, அதற்கான பூட்டை அவள் கையால்தான் போட்டிருந்தாள். அவள் நிமிர்ந்தாள். ஜெகதீசனின் குரல், தொண்டை வறண்டவன் பேசுகிற மாதிரி, வார்த்தைக்கு வார்த்தை நின்று நின்று வந்தது.

"நான் கூப்பிட்டுட்டே இருந்தேன். நீ யார்கூட பேசிட்டிருந்தே?"